ஆன்டெனா பிடித்த பட்டாபிராமன்

குடவாசல் பெரிய தெருவில் பட்டாபிராமன் கையால் ஆன்டெனாக் கம்பத்தைப் பிடித்தால்தான் டிவியில் படம் வரும். 1987 தை மாதத்திலிருந்து ஊருக்குக் கேபிள் வந்த வருஷம் வரைக்கும் நிலைமை இதுதான். அந்த டிவி, சவூதியிலிருந்து லீவில் வந்த ஹாஜா மைதீன் கொண்டுவந்தது. நல்ல கலர் டிவி. மொட்டைமாடியில் தென்னை உயரத்துக்கு ஆன்டெனா நட்டார், ஆளுக்கொரு திசையில் திருப்பிப் பார்த்தார்கள், லீவு முடிகிற வரை புள்ளியைத் தவிர ஒன்றும் வரவில்லை. தெரு ஜனங்கள் அந்தப் புள்ளியையே கூடி உட்கார்ந்து பார்த்துவிட்டு, இன்றைக்கு நேற்றைவிடப் பரவாயில்லை என்று பேசிக்கொண்டு போவார்கள். ஹாஜா மைதீன் ஒரு முகத்தைக்கூடப் பார்க்காமல் விமானம் ஏறிவிட்டார்.

அடுத்த வாரம் பக்கத்து வீட்டுப் பட்டாபிராமன் சண்டை போடுவதற்காக அந்த மாடிக்கு ஏறினார். ஆன்டெனாவை இழுத்துக் கட்டிய கயிறு ஒன்றை யாரோ அவருடைய தென்னைமரத்தில் முடிந்திருந்தார்கள். நிலத்தில் பாதியை விற்றுவிட்டு மீதியைக் குத்தகைக்கு விட்டிருந்த மனுஷர். அவருக்கு மிஞ்சியிருந்த அதிகாரம் அந்தத் தென்னைமீதுதான். கோபத்தில் ஆன்டெனாக் கம்பத்தைப் பிடித்து ஓர் உலுக்கு உலுக்கினார். கீழே கூடத்தில் மெட்ராஸ் தெரிந்தது. கையை எடுத்தார், புள்ளி. மறுபடி வைத்தார், மெட்ராஸ். ஹாஜா மைதீனின் மனைவி ஹமீதா பானு மாடிக்கு ஓடிவந்து, "மாமா, தென்னைக் கயித்த இப்பவே அவுத்துடுறோம். நீங்க மட்டும் கைய எடுத்துடாதீங்க" என்றாள்.

அன்று பிடித்தவர்தான். மேற்கே பார்த்து நின்றால் கொடைக்கானல் வழியாக மெட்ராஸ் வரும்; கோடியக்கரைப் பக்கம் திரும்பினால் சிலோன். அவர் தும்மினால் 'தடங்கலுக்கு வருந்துகிறோம்' என்ற அட்டை வரும். இந்தி ஆரம்பித்ததும்தான் அவருக்கு விடுதலை. ஹமீதா பானு ஒரு நாற்காலியும், மழைக்கு ஒரு குடையும், வேளாவேளைக்கு இஞ்சி டீயும் ஏற்பாடு செய்தாள். முதலில் முறைத்துக்கொண்டு வந்தவர், போகப்போக சாயங்காலம் ஐந்து மணிக்கே வேஷ்டி மாற்றிக்கொண்டு கிளம்ப ஆரம்பித்தார். தெரு முழுக்கத் தன்னை எதிர்பார்ப்பது அவருக்கு உள்ளூரப் பிடித்திருந்தது. என்ன, டிவி என்று அவர் கண்ணால் பார்த்ததெல்லாம் அது வந்த அட்டைப்பெட்டியைத்தான். மற்றதெல்லாம் கீழேயிருந்து வருகிற சத்தமும் சிரிப்பும்.

அவருக்கு ஒரு பெண், ஸ்ரீரஞ்சனி. மன்னார்குடியில் பேங்க் மாப்பிள்ளை பார்த்து முடித்திருந்தார். அவள் வேண்டாம் என்று சொல்லிவிட்டு மெட்ராஸில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலைக்குக் கிளம்பினாள். "இனிமே இந்த வாசப்படிய மிதிக்காதே" என்றார். சொல்லி முடிப்பதற்குள்ளேயே மனசு பதறியது, ஆனால் வாய் முந்திக்கொண்டுவிட்டது. அவளும் அவர் பெண்தான், அதே பிடிவாதம், மிதிக்கவில்லை. வருஷங்கள் ஓடின. ஒருநாள் சாயங்காலம் கம்பத்தைப் பிடித்துக்கொண்டிருந்தபோது கீழேயிருந்து அவள் குரல் கேட்டது. மேட்டூர் அணையின் நீர்மட்டம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஹமீதா பானு மேலே வந்து, "மாமா, நம்ம ரஞ்சனி செய்தி வாசிக்கிது" என்றாள்.

"வாசிக்கட்டும்" என்றார். ஆனால் இரண்டு கையாலும் கம்பத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். படம் எவ்வளவு துல்லியமாக வந்ததென்றால், கீழே உட்கார்ந்திருந்த அவர் மனைவி ஆனந்தம், பெண் போட்டிருந்த தோட்டில் ஒரு கல் விழுந்திருப்பதைக் கண்டுபிடித்துவிட்டாள்.

அதிலிருந்து, கம்பெனி வேலை போக ஸ்ரீரஞ்சனி செய்தி வாசிக்க வருகிற நாளெல்லாம் ஹமீதா பானு மாடிக்கு வந்து, இன்றைக்கு மயில்கழுத்து நிறம், இன்றைக்கு அரக்கு என்று புடவையைச் சொல்லிவிட்டுப் போவாள். "யார் கேட்டா?" என்பார். அவள் வரத் தாமதமானால் இருமுவார்; கீழே படம் குலுங்கும்.

அப்புறம் ஒரு நாள் ஆனந்தம் மாடியேறி வந்தாள். "ரஞ்சனி லெட்டர் போட்டிருக்கா. செய்தி வாசிக்கறது இந்த வெள்ளிக்கிழமையோட சரியாம். கம்பெனியில அமெரிக்காவுக்கு அனுப்பறாளாம். இனிமே எப்ப வருவாளோ, என்னவோ" என்றாள். அடுத்த இரண்டு நாளும் தெரு ஒரு கூத்தைப் பார்த்தது. பட்டாபிராமன் கம்பத்தை விட்டுவிட்டு இரண்டிரண்டு படியாகத் தாவி இறங்குவார், கூடத்தில் எட்டிப் பார்ப்பார், புள்ளி. மூச்சு வாங்கிக்கொண்டு திரும்பி ஏறுவார். ஏதோ வயிற்றுக் கோளாறு என்று நினைத்தவர்களும் உண்டு. பெண் முகத்தைப் பார்க்காமலே போய்விடுவோமோ என்று அந்த மனுஷர் தவித்த தவிப்பு ஆனந்தத்துக்குத்தான் தெரியும்.

வெள்ளிக்கிழமை செய்தி தொடங்கியதும் ஆனந்தம் மறுபடி மேலே வந்தாள். "நீங்க போங்கோ, நான் பிடிச்சுக்கறேன்" என்று ஒரு கையால் கம்பத்தைப் பிடித்தாள். மறுகையால் அவர் கையைப் பிடித்து, கம்பத்திலிருந்து பிரித்தாள். படம் போகவில்லை. அவள் கையை விடாமல் ஒரு அடி எடுத்து வைத்தார். அப்போதும் போகவில்லை. படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்த அவருடைய குத்தகைக்காரர் செல்லதுரைக்குப் பளிச்சென்று விஷயம் புரிந்துவிட்டது. "எல்லாரும் மேல வாங்க, கைய கோத்துக்குங்க" என்றார். கூடத்தில் இருந்த தெரு மொத்தமும் எழுந்து மாடிப்படியில் வரிசையாக நின்றது. ஆணும் பெண்ணும் கைகோர்க்க வேண்டிய இடங்களில் நடுவே ஒரு துண்டைப் பிடித்துக்கொண்டார்கள். துண்டு வழியாகவும் படம் வந்தது. வரிசையின் கடைசியில், செல்லதுரையின் கையைப் பிடித்தபடி, பட்டாபிராமன் கூடத்துக்குள் நுழைந்து பாயில் உட்கார்ந்தார். செல்லதுரை முகத்தை வாசல் பக்கம் திருப்பிக்கொண்டார். தினமும் பார்க்கிறவர்கள் எல்லாம் படியில் நிற்க, பட்டாபிராமன் ஒருத்தர்தான் பார்த்தார்.

மயில்கழுத்துப் புடவை. அவருடைய அம்மாவின் மூக்கு. எப்போது இவ்வளவு பெரியவளானாள் என்று நினைத்தார். என்ன செய்தி என்று ஒன்றும் காதில் ஏறவில்லை. ஸ்ரீரஞ்சனி வணக்கம் சொல்லி, காகிதங்களை அடுக்கி வைத்துவிட்டு, நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

"இளைச்சுப் போயிட்டேளேப்பா."

"ரெண்டு நாளா மாடிப்படி ஏறி இறங்கறேனோல்லியோ" என்றார். "போறதுக்கு முன்னாடி ஆத்துக்கு வந்துட்டுப் போம்மா. அன்னிக்கு நான் சொன்னது தப்பு."

"ஞாயித்துக்கிழமை காலம்பற வரேன்" என்றாள். பிறகு வானிலை வந்தது.

கும்பகோணத்தில் அதே செய்தியைப் பார்த்தவர்களுக்கு வணக்கத்தோடு முடிந்து உரம் விளம்பரம் போட்டார்களாம். இருக்கலாம், அங்கே வேறு ஆன்டெனா. ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் ஸ்ரீரஞ்சனி வந்து இறங்கினாள். வாசலில் கோலம் போட்டிருந்தது. தெருவில் யாரும், என்ன திடீரென்று, என்று அவளைக் கேட்கவில்லை. வருகிறேன் என்று டிவியில் சொல்லிவிட்டுத்தானே வந்திருக்கிறாள்.