அரளிப் பொட்டலம்

எழில்மதியின் பையில் மூன்று காகிதங்கள் இருந்தன. மூன்றும் டாக்டருக்குப் படிக்க வா என்று அவளைக் கூப்பிட்டவை. ஒன்று மாநிலக் கலந்தாய்வில் கிடைத்த கள்ளக்குறிச்சி அரசுக் கல்லூரி. இன்னொன்று சேலத்துப் பக்கம் ஒரு தனியார் கல்லூரி. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான ஒதுக்கீடு என்பதால் கட்டணத்தை அரசே கட்டிவிடும். மூன்றாவது, அகில இந்தியப் பட்டியலில் வந்த கோழிக்கோடு. வியாழக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குள் ஏதாவது ஒன்றில் போய்ச் சேர வேண்டும். அசல் சான்றிதழ்கள் ஒரே ஒரு செட்டுதான். அவற்றை எங்கே கொடுக்கிறாளோ அங்கேதான் ஐந்தரை வருஷமும்.

அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. மூன்று நாளாக அவள் ஓரிடத்தில் உட்காரவில்லை. டவர் கிடைக்கும் பாறைக்குப் போவாள், கல்லூரி ஹாஸ்டல் படங்களைப் பார்ப்பாள், இறங்கி வருவாள், சோற்றுத் தட்டைப் பாதியில் வைத்துவிட்டு மறுபடி பாறைக்குப் போவாள்.

அம்மா கொளஞ்சியம்மாளுக்கு இதில் யோசிக்க ஒன்றுமே இல்லை. வெள்ளிமலையில் பஸ் ஏறினால் கள்ளக்குறிச்சியில் இறங்கிக்கொள்ளலாம். சனிக்கிழமை வரலாம், திங்கள்கிழமை போகலாம். மலையில் யாருக்காவது உடம்புக்கு முடியாமல் போனால், அங்கே நம் பெண் இருக்கிறாள் என்று தைரியமாகக் கொண்டுபோகலாம். ஊரே இப்படித்தான் பேசிக்கொண்டது.

எழில்மதியைக் குடைந்ததும் அதுதான். போன வருஷம் கள்ளக்குறிச்சியில் தங்கி நீட் தேர்வுக்குப் படித்தபோது, மலையிலிருந்து ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள் எல்லோரும் அவளைத்தான் கூப்பிட்டார்கள். சீட்டு வாங்க, ஸ்கேனுக்கு வரிசையில் நிற்க, நர்சம்மாவிடம் பேச. அப்போது அவளுக்கு இடமே கிடைத்திருக்கவில்லை. ஒருவரிடமும் முடியாது என்று அவள் சொன்னதில்லை. அங்கேயே சேர்ந்தால் படிக்க விடமாட்டார்கள் என்று அவளுக்குத் தெரியும். அப்படி நினைப்பது பாவம் என்றும் தோன்றியது. அதனால் யாரிடமும் வாயைத் திறக்கவில்லை.

குடகுக்கு மிளகு பறிக்கப் போயிருந்த அப்பா போனில், அம்மா சொல்கிறபடி செய் என்று முடித்துக்கொண்டார். கடைசியில் அம்மாவே ஒரு வழி சொன்னாள். மாரியம்மன் கோயிலில் பூக்கட்டிப் பார்ப்பது. ஒவ்வொரு கல்லூரிக்கும் ஒரு நிறப் பூ. உள்ளே இருப்பது தெரியாமல் இலையில் கட்டி அம்மன் காலடியில் போட்டு, ஒன்றை எடுப்பது.

"நீயே கட்டுடி. நான் கட்டுனா எங்கம்மா ஏமாத்திப்புட்டான்னு நாளைக்கிச் சொல்லுவ."

திங்கள்கிழமை சாயங்காலமே எழில்மதி புழக்கடையில் உட்கார்ந்து தேக்கு இலையைச் சமமாகக் கிழித்தாள். கள்ளக்குறிச்சிக்கு வெள்ளை நந்தியாவட்டை, சேலத்துக்கு மஞ்சள் சாமந்தி, கோழிக்கோட்டுக்குச் செவ்வரளி. முதல் பொட்டலத்தில் அரளியை வைத்து நூலைச் சுற்றினாள். இரண்டாவதில் நந்தியாவட்டையை வைத்தாள். பிரித்தாள். மறுபடி வைத்துக் கட்டினாள். திரும்பவும் பிரித்து அரளியை வைத்தாள். மூன்றாவதிலும் அரளியை வைக்கக் கை தயங்கவே இல்லை. மிச்சமிருந்த வெள்ளையையும் மஞ்சளையும் எருக்குழியில் போட்டு, மேலே சாம்பலைத் தள்ளினாள்.

மறுநாள் கோயிலில் பூசாரி முனியன் பொட்டலங்களை வாங்கிக் குலுக்கி, கர்ப்பூரம் காட்டி, தட்டை நீட்டினார். அம்மா கண்ணை மூடி ஒன்றை எடுத்தாள். பிரித்ததும் சிவப்பு தெரிந்தது.

"கோழிக்கோடு" என்றாள் அம்மா. குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை.

முனியன் அடுத்த பொட்டலத்தின் நூலைப் பிடித்தார். "மத்த ரெண்டையும் பிரிச்சிக் காட்டணும், இங்க அதான் வழக்கம். போன தையில ஒருத்தன் பொண்ணுக்கு மாப்ள கேக்க வந்தான். ரெண்டுலயும் ஒரே பூவ வெச்சிருந்தான், பாவிப்பய."

இந்த வழக்கம் எழில்மதிக்குத் தெரியாது. நூலின் முடிச்சு இறுகியிருந்ததால் அவர் அதைப் பல்லுக்குக் கொண்டுபோனார்.

"வுடுங்கண்ணே" என்று அம்மா பொட்டலத்தை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். தட்டில் கிடந்ததையும் எடுத்தாள். "அவ சொல்லிட்டா. அப்புறம் இன்னாத்துக்குப் பிரிச்சிக்கினு."

"வழக்கம்னு ஒண்ணு இருக்குது, தாயி."

"அவகிட்ட நான் பேசிக்கிறேன்" என்று சிலையைக் காட்டிவிட்டு, அம்மா இரண்டையும் முந்தானையில் முடிந்துகொண்டு நடந்தாள்.

சாமைக் கொல்லை வரை அம்மா முன்னால், எழில்மதி பத்தடி பின்னால். வரப்பு திரும்பும் இடத்தில் அம்மா நின்றாள்.

"காலையில கோழிங்க எருக்குழிய கிளறிக்கினு இருந்துதுங்க. வெள்ளப் பூவும் மஞ்சப் பூவும் வெளிய கெடந்துது."

எழில்மதி தரையைப் பார்த்தாள். அப்படியென்றால் அம்மா தெரிந்தேதான் கோயிலுக்கு வந்திருக்கிறாள்.

"சாமி முன்னாடியாவது வாயத் தொறப்பியான்னு பாத்தேன். அங்கயும் கல்லாட்டம் நிக்கிற. நாளைக்கி ஊசியக் கையில வெச்சிக்கினு நோயாளிகிட்ட இன்னா பேசுவ? சொல்லு. எங்க போற?"

எழில்மதி நிமிர்ந்தாள். "கோழிக்கோடு" என்றாள். அம்மா அசையாமல் நின்றதால், கொல்லையில் களையெடுத்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்க்கிற அளவுக்கு இன்னொரு முறை சொன்னாள். "கோழிக்கோட்டுக்குப் போறேம்மா. இங்க இருந்தா என்னால படிக்க முடியாது."

அம்மாவின் முகம் இளகவில்லை. முந்தானை முடிச்சை அவிழ்த்து, பொட்டலங்களைப் பிரிக்காமலே பள்ளத்துப் பக்கம் வீசினாள். பிறகு, சேலத்தில் கோழிக்கோட்டு ரயிலைப் பிடிக்கக் கள்ளக்குறிச்சியிலிருந்து எத்தனை மணிக்குப் பஸ் என்று கேட்டாள். எழில்மதிக்குத் தெரியவில்லை. மூன்று நாளாகப் பாறை மேல் உட்கார்ந்து எதையெல்லாமோ தேடியவள், அதை மட்டும் தேடவில்லை.

போனை எடுத்துக்கொண்டு பாறையைப் பார்த்து ஓடினாள்.