மாமியாரின் பீரோவும் மூன்று விளக்குகளும்

மாமியாரின் ஸ்பீக்கர் பெட்டிக்குப் பாட்டுக் குழுவில் எல்லோரும் வைத்த பெயர் பீரோ. ஆள் உயரம். உள்ளே எட்டு ஸ்பீக்கர்கள், இரண்டிரண்டாக நான்கு அடுக்கு. அதைத் தூக்க நான்கு பேர் வேண்டும். ஐந்தாவதாக ஒருவர் ஓரமாக நின்று "பாத்து, பாத்து" என்று கத்த வேண்டும். அதன் தலைமேல் சத்தத்தைப் பெருக்கும் ஆம்ப் உட்காரும். பேஸ் கிதாரின் நாலு கம்பிகளில் தடித்த கம்பியை மாமியார் ஒருமுறை தட்டினால், மூன்றாவது தெருவில் தூங்கும் பூனை எழுந்து போய் யாரிடமாவது மன்னிப்புக் கேட்கும். இரண்டாவது தெரு என்றும் சிலர் சொல்கிறார்கள். பூனை மன்னிப்புக் கேட்டதில் மட்டும் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

குழுவை ஆரம்பித்தவரே அவர்தான். நூல் ஆலையில் முப்பத்தோரு வருஷம் இரைச்சலை அளந்து அறிக்கை எழுதுவது அவர் வேலை. ஓய்வு பெற்ற மறுநாளே மகளைக் கீபோர்டில் உட்கார வைத்தார். ரொட்டிக் கடைக்காரர் ஒருவரை டிரம்ஸில் உட்கார வைத்தார். பாடுவதற்குக் கிதாரும் கையுமாக ஒருவர் வந்தார். வந்தவர் மகளைக் கட்டிக்கொண்டார், கையோடு குழுவையும் கட்டிக்கொண்டார். அன்றிலிருந்து அவர் தலைவர், இவர் மாமியார். குடும்பத்துக்கு மட்டுமல்ல, வேன் ஓட்டுநர் தொடங்கி மண்டபத்துக் காவலாளி வரைக்கும் மாமியார்.

ரொட்டிக் கடைக்காரருக்கு மத்தளம் என்று பெயர் விழுந்ததற்குக் காரணம் அவர் வாசிக்கும் டிரம் அல்ல. மாமியாருக்கும் மாப்பிள்ளைக்கும் நடுவில் உட்கார்ந்து இரண்டு பக்கமும் இடி வாங்கியதுதான்.

அன்று காலை வேனில் சாமான் ஏற்றும்போது மாப்பிள்ளை தொண்டையைச் செருமினார்.

"அத்தை, தப்பா நெனைக்காதீங்க..."

தப்பாக நினைக்க வேண்டிய விஷயம்தான் என்று மாமியாருக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

"சொல்லுங்க மாப்பிள்ளை."

"இன்னிக்கு அதே மண்டபம். சுவத்துல மூணு வெளக்கு இருக்குமே..."

இருக்கும். பச்சை எரிந்தால் நல்லது. மஞ்சள் எரிந்தால் சத்தத்தைக் குறைக்க வேண்டும். சிவப்பு எரிந்து ஐந்து விநாடி அப்படியே நின்றால், மேடைக்கு வரும் மின்சாரத்தை, விளக்குகள் பதித்த அந்தச் சத்தம் அளக்கும் பெட்டியே வெட்டிவிடும். போன தடவை நான்கு முறை வெட்டியது. நான்கு முறையும் மண்டப மேலாளர் ஓடி வந்து, வேறு யாரையும் பார்க்காமல் பீரோவைத்தான் பார்த்தார்.

"பேஸ்தான் காரணம்னு மேலாளர் அடிச்சுச் சொல்லிட்டாரு. இன்னிக்கு உங்களால ஒரு தடவ கரண்ட் போனாலும், அடுத்த வாரத்துலேந்து உங்க பொண்ணோட இடது கையே பேஸ் வாசிச்சுக்கட்டும். கீபோர்டுலயே அந்தச் சத்தம் வருது. நீங்க முன் வரிசையில ஜம்முனு உக்காந்து கேளுங்க. சோபாவே போடச் சொல்றேன்."

"சோபாவுல உக்காந்து கை தட்டற வயசு எனக்கு இன்னும் வரலைங்க. வந்தா சொல்லி அனுப்பறேன்."

"என் இடது கை சீப்புகூடப் புடிக்காதும்மா. அதை நம்பியா குழு நடத்தப் போறாரு?" என்றாள் மகள், வேனுக்குள்ளிருந்து.

மாமியார் பீரோவின் மேல் கையை ஊன்றிக்கொண்டார். "சரி மாப்பிள்ளை, ஒரு பந்தயம். என்னால கரண்ட் போனா நானே பீரோவ வித்துட்டு சோபாவுல உக்காந்துடறேன். உங்க தொண்டையால போச்சுன்னா?"

"என் தொண்டையாலயா!" மாப்பிள்ளை சிரித்த சிரிப்பில் எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது.

"போச்சுன்னா, ஒரு வருஷத்துக்கு பீரோவோட ஒரு பக்கத்த நீங்க தூக்கணும்."

மத்தளத்தின் கையிலிருந்த டிரம்ஸ் தட்டு நழுவித் தெருவில் உருண்டு ஓடியது. மாப்பிள்ளை உட்கார நாற்காலியைத் துடைத்துப் போடும் மாமியார் உண்டு, மாப்பிள்ளை தும்மினால் வைத்தியரைக் கூப்பிடும் மாமியார் உண்டு. மாப்பிள்ளையைச் சுமை தூக்கச் சொல்லும் மாமியாரை அவர் அன்றுதான் பார்த்தார்.

"சரி அத்தை. நீங்க சாட்சி," என்றார் மாப்பிள்ளை, மத்தளத்திடம்.

"என்னை ஏங்க இழுக்கறீங்க?" என்று மத்தளம் தட்டைத் துரத்திக்கொண்டு ஓடினார்.

மண்டப மேலாளர் சாவிக்கொத்தைச் சுழற்றியபடி வாசலில் நின்றிருந்தார். பீரோ படியேறியதும் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். "ஐயோ, பாத்தாலே காது வலிக்குது!"

"பாக்கறதுக்கு எதுக்குங்க காது?" என்று கேட்டுவிட்டு, மாமியார் நேராகச் சுவரில் இருந்த பெட்டியிடம் போனார். கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கி, அதன் ஓரத்தில் இருந்த சிறு எழுத்தைப் படித்தார். படித்ததும் அவர் முகத்தில் தெரிந்த சந்தோஷத்தைப் பார்த்திருந்தால், லாட்டரி விழுந்தவன்கூடப் பொறாமைப்பட்டிருப்பான்.

ஆலையில் அவர் கையில் முப்பத்தோரு வருஷம் இருந்த கருவியும் இதே அளவுமுறையில்தான் வேலை செய்தது. மனிதக் காதைப் பார்த்துச் செய்த அளவு அது. காதுக்குக் கீச்சுக்குரல் உடனே கேட்கும், அடிவயிற்று உறுமல் அவ்வளவாகக் கேட்காது. கருவியும் அப்படியே. மேற்பார்வையாளர் விசில் ஊதினால் முள் துள்ளிக் குதிக்கும். தரைக்கடியில் யானை போல ஒரு மோட்டார் உறுமிக்கொண்டே இருக்கும், அதற்கு முள் கொட்டாவி விடும்.

சொல்லியிருக்கலாம். ஆனால் முப்பத்தோரு வருஷம் அறிக்கை எழுதி அனுப்பியவர் அவர். அறிக்கையை யாரும் படிக்க மாட்டார்கள் என்பது அவரைவிட யாருக்குத் தெரியும்?

மேடையில் வயர்களைச் செருகிக்கொண்டிருந்த மாப்பிள்ளை திரும்பினார். "அத்தை, உங்க ஆம்ப மேடை பிளக்குல போட வேணாம். அது இழுக்கற இழுப்புல என் மைக்கும் சேந்து போயிடும். அங்க சமையலறைச் சுவத்துல ஒண்ணு இருக்கு, அதுல போட்டுக்கங்க."

"ஏங்க, மாமியார்னா சமையலறைதானா?" என்றாள் மகள்.

"அய்யய்யோ, நான் அந்த அர்த்தத்துல சொல்லலை!"

மாமியார் ஒரு கணம் சமையலறைப் பக்கம் பார்த்தார், ஒரு கணம் சுவரிலிருந்த பெட்டியைப் பார்த்தார். அந்தப் பெட்டி வெட்டுவது மேடை பிளக்குகளை மட்டும்தான்.

"சரிங்க மாப்பிள்ளை," என்றார் தேன் ஒழுக.

மாமியார் "சரிங்க மாப்பிள்ளை" என்றால் அடங்கிவிட்டார் என்று அர்த்தம் எடுத்துக்கொள்பவர், கல்யாணமாகிப் பத்து வருஷம் ஆகியும் ஒன்றும் கற்றுக்கொள்ளாதவர். மாப்பிள்ளைக்கு அன்று ஒன்பதரை வருஷம் ஆகியிருந்தது.

பேருந்துப் பணிமனை ஊழியர்களின் ஆண்டு விழா அது. ஓட்டுநர்கள், நடத்துநர்கள், கை எவ்வளவு கழுவியும் கிரீஸ் போகாத மெக்கானிக்குகள், அவர்கள் குடும்பங்கள். வாழ்நாள் முழுக்க என்ஜின் உறுமலின் மேல் உட்கார்ந்து பிழைத்தவர்கள். விருந்து முடிந்து, உச்சி வெயில் ஜன்னல் வழியே மேஜைகளில் விழுந்துகொண்டிருந்தது.

"ஒண்ணுக்கு மேல போகக் கூடாது," என்று ஆம்ப் குமிழைக் காட்டிச் சொல்லியிருந்தார் மேலாளர். மாமியார் ஒன்றிலேயே வைத்திருந்தார். ஒன்றில் பீரோ பேசுவது, பயில்வான் வாயில் விரல் வைத்துக்கொண்டு பேசுவது மாதிரி இருந்தது. பாட்டு உப்பில்லாமல் போனது. பணிமனைக்காரர்கள் நடுவழியில் நின்றுபோன வண்டிக்குள் உட்கார்ந்திருப்பவர்கள் போல வெளியே பார்த்தார்கள்.

"என்னப்பா, வண்டி ஸ்டார்ட்டே ஆகலையே!" என்று கத்தினார் தொப்பையுள்ள ஓட்டுநர் ஒருவர்.

மாப்பிள்ளைக்கு ரோஷம் வந்துவிட்டது. மூன்றாவது பாட்டில் ஒரே தாவாக உச்சிக்குப் போய் அங்கேயே குடியேறினார். அவ்வளவு உயரத்தில் பருந்துகூடக் கொஞ்சம் யோசித்துத்தான் பறக்கும். மஞ்சள் எரிந்தது. சிவப்பு எரிந்தது. மாப்பிள்ளை கண்ணை மூடிக்கொண்டிருந்தார். டப்பென்று மேடை செத்தது.

"அத்தை!" என்றார், கண்ணைத் திறப்பதற்கு முன்பே.

மேலாளர் ஓடி வந்து சாவி போட்டு மின்சாரத்தைத் திருப்பிக் கொடுத்தார். "சொன்னேன்ல? பேஸ்!"

மாமியார் ஆம்ப் பக்கம் திரும்பினார். மேலாளரும் மாப்பிள்ளையும் பார்க்கும்படி குமிழைப் பிடித்து, ஒன்றிலிருந்து பூஜ்யத்துக்குத் திருப்பினார். பீரோ ஊமையானது. திருப்தியடைந்த மேலாளர், பின்வாசலை மறித்து நின்ற காய்கறி வண்டிக்காரரோடு சண்டை போடப் போனார். சாவிக்கொத்தும் அவரோடு போனது.

அடுத்த பாட்டு. மாமியாரின் விரல்கள் கம்பியில் ஓடின, சத்தம் மட்டும் இல்லை. மாப்பிள்ளை மறுபடியும் உச்சிக்கு ஏறினார். மஞ்சள். சிவப்பு. ஒன்று, இரண்டு, மூன்று என்று மாமியார் உதட்டை அசைத்து எண்ணினார். ஐந்தில் டப்.

"அத்தை!"

"என்னங்க," என்றாள் மகள் நிதானமாக, "அம்மா பூஜ்யத்துல இருக்காங்க."

மாப்பிள்ளை குமிழைப் பார்த்தார். மத்தளத்தைப் பார்த்தார். மத்தளம் கூரையைப் பார்த்தார்.

"சாட்சி எங்கேங்க பாக்கறாரு?" என்றார் மாமியார்.

"பாத்தேங்க, பாத்தேன். பூஜ்யம்தான்," என்று மத்தளம் முணுமுணுத்தார்.

பந்தயம் அங்கேயே முடிந்துவிட்டது. ஆனால் நாற்காலிகள் நகரத் தொடங்கியிருந்தன. யாரோ குழந்தைக்குச் செருப்பு மாட்டினார்கள். மைக் இல்லை, கீபோர்டு இல்லை, கிதார் இல்லை. மேலாளரையும் காணோம், சாவியையும் காணோம். மேடையில் உயிரோடு இருந்தது ஒன்றே ஒன்று. சமையலறை பிளக்கின் புண்ணியத்தில், பீரோவின் தலைமேல் சின்னதாக ஒரு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

மாமியார் குமிழில் கை வைத்தார்.

"வேணாம் அத்தை," மாப்பிள்ளை கெஞ்சினார். "பந்தயம் நீங்கதான் ஜெயிச்சீங்க, ஒத்துக்கறேன். இப்ப சத்தம் போட்டா மேலாளர் நம்மள இந்தப் பக்கமே சேக்க மாட்டாரு."

"சேக்காட்டி போகட்டும். முப்பத்தோரு வருஷம் அடுத்தவங்க போட்ட சத்தத்த அளந்துட்டேன் மாப்பிள்ளை. இனிமே நான் போடறேன், யாருக்கு வேணுமோ அவங்க அளந்துக்கட்டும்."

கிதாரில் கீச்சு கொஞ்சமும் வராதபடி டோன் குமிழை முழுக்க மூடினார். அடிவயிற்றுச் சத்தம் மட்டும் மிஞ்சியது. பிறகு ஆம்பின் குமிழைத் திருப்பினார். ஒன்று. இரண்டு. நான்கு. ஆறில் நிறுத்தினார். அதற்கு மேல் போனால் கட்டட அனுமதி வாங்க வேண்டியிருக்கும்.

தடித்த கம்பியைத் தட்டினார்.

மேஜைகளில் கரண்டிகள் எழுந்து நின்றன. தண்ணீர்க் குவளைகளில் வட்டம் வட்டமாக அலை ஓடியது. முதல் வரிசையில் ஒருவருடைய பல்செட் தாளம் போட்டது. செருப்பு மாட்டிய குழந்தை தரையில் உட்கார்ந்து, இரண்டு உள்ளங்கையையும் தரையில் வைத்துப் பார்த்துச் சிரித்தது.

சுவரில் பச்சை. அசையாத பச்சை.

மத்தளம் மாப்பிள்ளையைப் பார்த்தார், மாமியாரைப் பார்த்தார். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு பக்கம் சாய்ந்தார். குச்சிகளைத் தோளுக்குப் பின்னால் எறிந்துவிட்டு, பெரிய டிரம்மைக் காலால் மட்டும் மிதிக்க ஆரம்பித்தார். தும், தும். மாமியாரின் விரல்கள் அதன்மேல் ஏறி நடந்தன.

"இப்ப ஸ்டார்ட் ஆச்சு!" என்று தொப்பை ஓட்டுநர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

பணிமனையே எழுந்தது. அந்த உறுமல் அவர்களுக்குக் காதால் கேட்கிற விஷயம் இல்லை. முப்பது வருஷமாக இருக்கை வழியாக முதுகெலும்பில் ஏறிய பாஷை. ஓட்டுநர்கள் இல்லாத ஸ்டியரிங்கை வளைத்து ஆடினார்கள். நடத்துநர்கள் இல்லாத கம்பியைப் பிடித்துக்கொண்டு ஆடினார்கள். மெக்கானிக்குகளில் இருவர் மேஜைக்கு அடியில் படுத்துக்கொண்டு ஆடினார்கள்.

பின்வாசலிலிருந்து மேலாளர் பாய்ந்து வந்தார். அவர் மூக்குக் கண்ணாடி மூக்குக்கு முன்னாலேயே ஆடிக்கொண்டு வந்தது.

"நிறுத்துங்க! நிறுத்துங்க!"

மாமியார் வாசிப்பை நிறுத்தாமல் முகவாயால் சுவரைக் காட்டினார். "பச்சைங்க."

மேலாளர் பார்த்தார். பெட்டியை ஒரு தட்டு தட்டிவிட்டுப் பார்த்தார். பச்சைதான். "பச்சையா இருந்தா?"

"பச்சைன்னா போலாம். இங்க இருக்கறவங்க பாதிப் பேரு டிரைவருங்கதான், கேட்டுப் பாருங்க."

"போலாம்! போலாம்! ரைட்!" என்று ஐம்பது குரல்கள் ஒன்றாகக் கத்தின. அந்தக் கத்தலுக்கு மஞ்சள் எட்டிப் பார்த்துவிட்டுப் போனது.

செத்த மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்ற மாப்பிள்ளையின் இடது கால், அவர் அனுமதி இல்லாமலே தாளம் போடத் தொடங்கியிருந்தது. வெறும் தொண்டையில் ஒரு வரி பாடிப் பார்த்தார். மைக் இல்லாததால் உச்சிக்குப் போக முடியவில்லை, கீழேயே நின்று பாடினார். அங்கே அவருக்கு நல்ல குரல் ஒன்று இத்தனை வருஷமும் சும்மா கிடந்திருக்கிறது. அது கேட்கும்படி மாமியார் ஆறிலிருந்து நான்குக்கு இறங்கினார். யாரும் குறைக்கச் சொல்லவில்லை, அவராக இறங்கினார். கீபோர்டு இல்லாத மகள் மேடையிலிருந்து குதித்து ஆடப் போய்விட்டாள்.

பாட்டு முடிந்ததும் பணிமனை கை தட்டிய தட்டில், விசிலடித்த அடியில், சுவரில் சிவப்பு எரிந்தது. ஐந்து விநாடி என்ன, ஐந்து நிமிஷம் எரிந்தது. வெட்டுவதற்குத்தான் அங்கே மின்சாரம் எதுவும் மிச்சமில்லை.

"இப்ப யாருங்க பேஸ் வாசிக்கறது?" என்று மாமியார் மேலாளரைக் கேட்டார். மேலாளர் சாவிக்கொத்தைப் பைக்குள் போட்டுக்கொண்டு, காய்கறி வண்டிக்காரரே மேல் என்று திரும்பிப் போனார்.

பிற்பகல் வெயிலில் பீரோ வேனுக்குப் புறப்பட்டது. ஒரு பக்கத்தில் மத்தளமும் வேன் ஓட்டுநரும் நின்றார்கள். இன்னொரு பக்கத்தில் சட்டைக் கையை மடித்துக்கொண்டு மாப்பிள்ளை, அவருக்குத் துணையாகக் காவலாளி.

"முழங்கால மடக்கித் தூக்குங்க மாப்பிள்ளை. இடுப்பு புடிச்சுக்கிட்டா நாளைக்கு என் பொண்ணுதான் தைலம் தேய்க்கணும்."

"அத்தை... இது... என்ன இந்த கனம்... உள்ள ஆள் யாராவது..."

"பாத்து, பாத்து," என்றார் மாமியார், ஐந்தாவது ஆளுக்கான இடத்தில் கைகட்டி நின்றுகொண்டு.

பீரோ வேனுக்குள் ஏறியது. மாப்பிள்ளை சக்கரத்தின் மேல் சாய்ந்து மூச்சு வாங்கினார். மாமியார் பெட்டியைச் சுற்றி வந்து, பக்கத்தில் இருந்த காலி இடத்தை முழம் போட்டு அளந்தார். ஒன்றரை முழம் தாராளமாக இருந்தது.

"என்னம்மா அளக்கற?" என்றாள் மகள்.

"பாவம், இத்தன வருஷமா ஒண்டியா நிக்குது. வயசும் ஆயிடுச்சு. இதுக்கும் ஒரு ஜோடி பாத்துட வேண்டியதுதான்."

மாப்பிள்ளை வேனின் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.