இரண்டு பகுதிக்கும் ஒரே கணினி

வெள்ளவத்தையில் ஒரு கல்யாணப் பொருத்த இணையத்தளத்தில் ஜெகதீஸ்வரிக்கு வேலை. தளத்துக்குள் நுழைகிற ஒவ்வொருவருக்கும் ஒரு டோக்கன் கிடைக்கும். எழுத்தும் இலக்கமும் குழம்பிய நீண்ட வால் அது. அந்த டோக்கன்களை அவிழ்த்து, யார், எந்தக் கணினியிலிருந்து வந்தார் என்று பிரித்து அறிக்கைக்கு அனுப்பும் புரோகிராமை அவள் எழுதி முடித்திருந்தாள்.

ஓடவிட்டுப் பார்த்தால், மாப்பிள்ளை வீட்டாரும் பொம்பிளை வீட்டாரும் பாதிப்பேர் ஒரே கணினியில் இருந்தார்கள். தன் புரோகிராமில்தான் பிழை என்று திருத்தித் திருத்திக் களைத்தாள். கடைசியில் அந்தக் கணினி இருந்த பாமன்கடை நெற் கபேக்கே போனாள்.

அங்கே கல்யாணத் தரகர் தங்கையா இருந்தார். கேட்டதும் மறைக்காமல் சொன்னார். சண்டையால் யாழ்ப்பாணப் பாதை பூட்டியதிலிருந்து அங்கத்தைய தகப்பன்மார் போனில் சொல்வதை இரண்டு பக்கத்துக்கும் அவரே தட்டிக்கொண்டிருந்தார். போனும் செத்த பிறகு, அவர்கள் என்ன சொல்வார்களோ அதை யோசித்துத் தட்டினார்.

"இப்ப மாப்பிள்ளை பகுதி நவரத்தினத்தாரும் பொம்பிளை பகுதி பூபாலசிங்கத்தாரும் கோவம், பிள்ளை."

"ரெண்டு பகுதியும் நீங்கள்தானே, அங்கிள்?"

"ஓம். அதுதான் கதைக்க ஏலாமல் கிடக்கு."

கல்யாணம் கொட்டாஞ்சேனையில்தான் என்று மாப்பிள்ளை பகுதி எழுதிவிட்டதாம். கேளாமல் முடிவெடுத்ததில் பொம்பிளை பகுதிக்கு மனவருத்தம். நியாயம் அவர்கள் பக்கம்தான் என்று தங்கையாவுக்கே பட்டது. ஆனால் மாப்பிள்ளை பகுதியாக இருந்துகொண்டு அதை எப்படி ஒப்புக்கொள்வது?

கணக்குகளை மூடச் சொல்லத்தான் ஜெகதீஸ்வரி வந்தாள். மாப்பிள்ளை பகுதியின் கடிதத்தை வாசித்ததும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பக்கத்துக் கணினியில் இருந்து பொம்பிளை பகுதியாகப் பதில் எழுதினாள். பின்னேரம் முழுக்க இருவரும் முகம் பாராமல் தட்டினார்கள். அவர் தேத்தண்ணி சொன்னார். அவள் வேண்டாம் என்றாள்.

அப்போது, இவ்வளவு நாளும் செத்துக் கிடந்த லைன் திரும்ப வந்து, தங்கையாவின் போன் அடித்தது. பூபாலசிங்கம், யாழ்ப்பாணத்திலிருந்து. பேசி முடித்த தங்கையா குரலைத் தாழ்த்திச் சொன்னார்: கொழும்பில் இருக்கிற பெடியனும் பிள்ளையும் போன கிழமையே எழுத்து எழுதி, கல்யாணத்தைப் பதிந்துவிட்டார்களாம். வீடு வாடகைக்கு எடுக்கவும், கொழும்பில் தமிழரிடம் கேட்கிற பொலிஸ் பதிவுக்கும் அதுதான் லேசு என்றார்களாம்.

"எங்கட பகுதியைக் கேளாமலோ?" என்றாள் ஜெகதீஸ்வரி.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் பெடியனும் பிள்ளையும் வாடகைக்கு எடுத்த வீட்டுக்குப் போனார்கள். இவர்கள் யாரென்று சரியாக விளங்காத புதுத்தம்பதி கேக் வெட்டிக் கொடுத்தது. தங்கையா மாப்பிள்ளை பக்கத்துக் கதிரையிலும் ஜெகதீஸ்வரி பொம்பிளை பக்கத்துக் கதிரையிலும் இருந்து, ஒருவரோடொருவர் கதைக்காமல் சாப்பிட்டுவிட்டு, வெவ்வேறு பஸ்ஸில் வீடு திரும்பினார்கள்.