அரைத்தட்டு

தங்கையின் பாட்டு ஆல்பத்துக்கு இருபது வயது. அதற்குக் கிளப்பில் விழா. அக்காவுக்கோ அன்றைக்கும் அதே வேலை: அரங்கின் பின்கோடியில், மிக்ஸருக்குப் பின்னால் நின்று சத்தத்தைக் கூட்டிக் குறைப்பது. பதினோரு வருடமாக அந்தக் கிளப்பின் சவுண்ட் இன்ஜினியர் அவள்தான். மேடையில் நிற்பது தங்கை என்பதற்காக லீவா போட முடியும்?

வயிறு எரிந்தது. அதை மறைத்துச் சொல்ல ஒன்றுமில்லை.

மூன்றாம் பாட்டில், எல்லாச் சத்தமும் அடங்கிய பிறகு, டிரம் வரவேண்டிய இடத்தில் வராது. அரைத்தட்டு தள்ளித்தான் விழும். அந்த அரைத்தட்டைத்தான் ஊரே தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிறது. எத்தனையோ பேர் காப்பியடித்தாயிற்று. முன்வரிசையில் ஒரு தடியன் அந்த இடைவெளியின் ஒலி அலைக்கோட்டைப் பிடரியில் பச்சை குத்திக்கொண்டு வந்திருந்தான். அது யாருடைய விரல்? பக்கத்து வீட்டுக்குக் கேட்காமலிருக்கச் சுவரில் மெத்தையைச் சாய்த்து வைத்துப் பாட்டைப் பதிவுசெய்த அந்த அறையில், டிரம் மெஷினின் பொத்தானை அழுத்தியவள் அக்கா. ஆல்பத்தின் உறையில் அவளுக்குக் கிடைத்ததோ, 'உதவி: அக்கா' என்று எறும்பு சைஸில் ஒரு வரி.

இன்றைக்காவது சொல்கிறாளா பார்ப்போம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

மூன்றாம் பாட்டு வந்தது. சத்தம் அடங்கியது. எண்ணூறு பேரும் கையைத் தூக்கியபடி மூச்சைப் பிடித்தார்கள். டிரம் இறங்கியதும் தரை அதிர்ந்தது. பாட்டு முடிந்து தங்கை மைக்கை எடுத்தாள்.

"இதை நான் மூணு மாசம் யோசிச்சுப் போட்டேன்னு எழுதுறாங்க. நான் போடவே இல்ல. எங்க அக்கா போட்டது. அதோ, பின்னாடி நிக்கிறா பாருங்க!"

விளக்கு திரும்பியது. இவளைப் போய் இத்தனை வருடம் கரித்துக்கொட்டினேனே என்று அக்காவின் மனம் இளகத் தொடங்கியது.

"சரியா அழுத்துற நேரத்துல அவளுக்குத் தும்மல் வந்துடுச்சு! அந்தத் தும்மல்தாங்க இந்தப் பாட்டு!"

அரங்கமே விழுந்து விழுந்து சிரித்தது.

தும்மலாவது மண்ணாவது! வேண்டுமென்றேதான் தாமதித்தாள். அவள் காதுக்கு அப்படித்தான் பிடித்திருந்தது. ஆனால் அழுத்திய மறுகணமே, "என்னக்கா பண்ற?" என்று தங்கை சீறித் திரும்பவும், பயந்துபோய் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு பொய்த் தும்மல் போட்டுவைத்தாள். திரும்ப ஓடவிட்டுக் கேட்டபோது தங்கைக்கும் பிடித்துப்போயிற்று. அதற்குப் பிறகு உண்மையைச் சொல்ல அக்காவுக்கு வாய் வரவில்லை.

பக்கத்திலிருந்த பார் கவுன்ட்டர்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "உங்க தங்கச்சிக்கு எவ்வளவு பெரிய மனசு, பாருங்க!"

இப்போது போய் உண்மையைச் சொன்னால் பொறாமையில் பேசுகிறாள் என்பார்கள். பொறாமை இல்லையென்று அவளாலும் சொல்ல முடியாது.

"தும்முங்கக்கா, தும்முங்க!" என்று கூட்டம் தாளம் போட்டது. மேடையிலிருந்து தங்கையும் சேர்ந்துகொண்டாள்.

அக்கா மிக்ஸரின் பக்கத்திலிருந்த மைக்கை எடுத்தாள். ஒலியை நன்றாக ஏற்றினாள். வராத தும்மலை இரண்டாம் முறையாகத் தும்மினாள்.