கேளும் கிளையும்

மரக்கடைக்காரருக்குத் தலை குனிந்து பழக்கமில்லை. நிலைப்படி தாழ்ந்த வீட்டுக்காரர் யாராவது உள்ளே அழைத்தால், வாசலிலேயே நின்று பேசிவிட்டு வந்துவிடுவார். அப்பேர்ப்பட்டவர் வீட்டில், உதடு கிழிந்து முன்பல் உடைந்து வந்து நின்றாள் மூத்தவள். டயர் கடை மருமகனின் கைவரிசை. இது முதல் தடவையும் அல்ல.

"வீட்டு விஷயம் வீட்டோட இருக்கட்டும். காலையில நானே கொண்டுபோய் விடறேன்" என்றார்.

"விட்டீங்கன்னா அடுத்த தடவை பொணமாத்தான் பாப்பீங்க" என்றாள் சின்னவள். அவள் கல்லூரியில் உளவியல் இரண்டாம் ஆண்டு.

அந்தப் படிப்பே அவருக்குக் கேலிப்பொருள். சேர்ந்த புதிதில், குழந்தை மனத்துக்கு ஒரு கிளை, நோயுற்ற மனத்துக்கு ஒரு கிளை, கூட்டத்தின் மனத்துக்கு ஒரு கிளை என்று அவள் விரல் மடக்கியபோது, "கிளையெல்லாம் கழிச்சுட்டுத்தாம்மா நான் மரத்துக்கே விலை பேசுவேன்" என்று சிரித்தவர். இப்போதும் விடவில்லை.

"மாப்பிள்ளை உன் படிப்புல எந்தக் கிளையில தொங்கறாரு? பைத்தியமா?"

"பைத்தியம்னா எல்லாரையும் அடிக்கணுமேப்பா. கடைக்கு வர்ற லாரிக்காரங்க ஒருத்தர் மேலயாவது கை வச்சிருக்காரா? யாரை அடிச்சா கேள்வி வராதுன்னு கணக்கா தெரிஞ்சு அடிக்கிறார்."

அவருக்குச் சுருக்கென்றது. காட்டிக்கொள்ளவில்லை. பரம்பரை மானம் லேசான சரக்கல்ல. சுமந்தவருக்குத்தான் தோள் வலி தெரியும்.

விடிந்ததும் மருமகனே வந்துவிட்டான். கையில் சக்கரம் கழற்றும் ஸ்பேனர். மரக்கடை வழியாக உள்ளே நுழைந்தவன் மூத்தவளின் கூந்தலைச் சுருட்டிப் பிடித்து, மரத்தூளில் தரதரவென்று இழுத்துக்கொண்டு தெருவுக்குப் போனான். குறுக்கே விழுந்த சின்னவளின் முழங்கையில் ஸ்பேனர் இறங்கியது. காய்ந்த விறகு முறிகிற சத்தம். மரக்கடைக்காரருக்கு அந்தச் சத்தம் நன்றாகத் தெரியும்.

ஆனாலும் அவர் செய்தது என்ன? கடையின் இரும்பு ஷட்டரை இடுப்பளவுக்கு இறக்கிவிட்டு உள்ளே நின்றார். உள்ளே நடப்பது தெருவுக்குத் தெரியக்கூடாது என்று கை தானாகச் செய்த வேலை. நடப்பதோ வெளியே.

தெரு கூடிவிட்டது. மூத்தவளின் முகத்தைத் தார்ச்சாலையில் வைத்துத் தேய்த்தான் மருமகன். "என் பொண்டாட்டி! எவன் கேக்கறது?" ஒருவரும் கேட்கவில்லை. ஆளாளுக்குப் பக்கத்தில் நிற்பவனைப் பார்த்தார்கள்.

சின்னவள் தொங்குகிற கையோடு எழுந்தாள். 'காப்பாத்துங்க' என்று அவள் கத்தவில்லை. பொதுவாகக் கத்தினால் யாரோ போவார்கள் என்று எல்லாரும் நிற்பார்கள். ஆளைச் சுட்டிக் கூப்பிட வேண்டும். வகுப்பில் படித்தது அது. நல்ல கையை நீட்டினாள்.

"தையல்கார அண்ணே! உங்களைத்தான். வந்து அவர் கையைப் பிடிங்க! நீலச் சட்டை! ஆமா, நீங்கதான், போலீசுக்குப் போன் பண்ணுங்க! மருந்துக்கடை அக்கா, பஞ்சு எடுத்துட்டு வாங்க!"

சுட்டிக் கூப்பிடப்பட்டவர்களுக்குக் கால் முளைத்தது. முதலில் பாய்ந்த தையல்காரரின் தோளில் ஸ்பேனர் விழுந்தது, அவர் சுருண்டார். மறுபடி ஓங்கினான் மருமகன். இம்முறை கீழே கிடந்தவளின் தலைக்கு.

சின்னவளின் விரல் ஷட்டர் பக்கம் திரும்பியது.

"மரக்கடைக்காரரே! உங்களைத்தான்!"

அப்பா என்று கூப்பிடவில்லை. ஊரான் ஒருவனைக் கூப்பிடுவதுபோல் கூப்பிட்டாள் பெற்ற மகள். அந்த ஒரு சொல் செய்ததை எந்த அடியும் செய்திருக்காது. ஷட்டரைத் தூக்க நேரமில்லை. மரக்கடைக்காரர் தலையைக் குனிந்தார். முதுகு வளைத்து, இடுப்பளவுச் சந்தில் புகுந்து, கையில் அகப்பட்ட ரீப்பர் கட்டையோடு தெருவுக்கு வந்தார்.

முதல் அடி மணிக்கட்டில். ஸ்பேனர் தெறித்தது. இரண்டாவது முழங்காலில். மூன்றாவது அடி தேவையே இல்லை, இருந்தும் அடித்தார். மருமகனின் வாயிலிருந்து ரத்தத்தோடு பல் ஒன்று சாலையில் விழுந்தது. நான்காவதற்கு ஓங்கியபோது, ஒரு கையால் அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டாள் சின்னவள்.

"போதும்ப்பா. அக்கா மூச்சு விடறா. போதும்."

போலீஸ் ஜீப் வந்தபோது, மூத்தவளின் தலை அவர் மடியில் இருந்தது. மருந்துக்கடை அக்கா பஞ்சை அழுத்திக்கொண்டிருந்தாள். தையல்காரர் தோளைப் பிடித்தபடி, "இனிமே ஒரு மாசம் ஜாக்கெட் தைக்கச் சொல்லி யாரும் என்னைச் சுட்டாதீங்க தாயே" என்று முனகினார்.

ஏட்டு சுற்றிப் பார்த்தார். குரலைத் தாழ்த்தி, "பெரிய குடும்பம். வீட்டு விஷயம்னு பேசி முடிச்சுக்கலாமா ஐயா?" என்றார்.

மரக்கடைக்காரர் நிமிர்ந்தார்.

"தெரு விஷயம்னு எழுதுங்க. முதல் சாட்சி நான். கட்டையால அடிச்சதும் நான்தான், அதையும் சேர்த்து எழுதுங்க."