முதல் கலயம்

சண்முகப்பிரியாவைப் பிடிக்காமல் போனதற்கு வெளியே சொல்லும்படியான காரணம் எதுவும் மணிமொழியிடம் இல்லை. இருந்திருந்தால் நாலு பேரிடம் சொல்லிப் புலம்பி ஆறியிருப்பாள். அந்தப் பெண் யாரையும் எடுத்தெறிந்து பேசியதில்லை, யார் வம்புக்கும் போனதில்லை. மன்றத்தில் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அதற்குள் சின்னப் பிள்ளையிலிருந்து கிழவர்கள் வரை எல்லாருக்கும் ‘நம்ம பிரியா’ ஆகிவிட்டாள். அதுதான் மணிமொழிக்குப் பொறுக்கவில்லை.

குன்னத்துக்குப் பக்கத்து ஊர் அம்மன் கோயிலை ஒட்டித்தான் அந்த வழிபாட்டு மன்றம். வெள்ளிக்கிழமைதோறும் சிவப்புப் புடவை கட்டிய பெண்கள் கூடிப் பாடுவார்கள். ஆடி கடைசி வெள்ளியில் கஞ்சிக் கலய ஊர்வலம். மேளத்துக்குப் பின்னால், மற்ற எல்லாருக்கும் முன்னால், வேப்பிலை செருகிய முதல் கலயத்தைத் தலையில் ஏந்திப் போகிறவள் மணிமொழி. பல வருஷமாக அவள்தான்.

முதல் கலயம் என்பது வெறும் மண் கலயம்தானே என்று நீங்கள் கேட்கலாம். மணிமொழிக்குப் பிள்ளை கிடையாது. ஊரில் வளைகாப்பு என்றால் அவளை யாரும் வராதே என்று சொல்வதில்லை. வந்தால், வளையல் போடக் கூப்பிடுவதுமில்லை. கல்யாண வீட்டில் ஆரத்தித் தட்டு அவள் கைக்கு வருவதற்குள் யாராவது ஒருத்தி நடுவில் வாங்கிக்கொள்வாள். எல்லா இடத்திலும் பின்னால் நின்று பழகியவளை வருஷத்தில் ஒருநாள் ஊரே முன்னால் நிறுத்தியது. அந்த ஒருநாளுக்காகத்தான் அவள் மற்ற நாட்களைப் பொறுத்துக்கொண்டிருந்தாள்.

இந்த ஆடியில் அதற்கும் ஆபத்து வந்தது. மன்றத் தலைவர் அய்யம்பெருமாள், பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், பெண்களுக்குக் காப்பு கட்டிய அன்று அவளைத் தனியே கூப்பிட்டார்.

“மணி, இந்த வருஷம் முதல் கலயத்த பிரியாவுக்குக் குடுத்தா என்னன்னு நாலஞ்சு பேரு கேக்குறாங்க. ரெண்டு புள்ளைக்குத் தாயி, மங்களகரமா இருக்கும்னு சொல்றாங்க. நான் இன்னும் முடிவு பண்ணல. மனசுல எதுவும் வச்சுக்காத.”

“நான் என்னங்க வச்சுக்கப் போறேன்? ஆத்தா யாருக்குக் குடுக்குறாளோ அவங்களுக்கு” என்றாள் மணிமொழி. வீட்டுக்கு வந்து அடுப்பங்கரையில் ஒரு பாத்திரத்தைக்கூட மெதுவாக வைக்கவில்லை.

காப்பு என்றால் மஞ்சள் கயிற்றில் வேப்பிலை வைத்து இடது மணிக்கட்டில் கட்டுவது. கட்டியபின் வெளியூரில் இரவு தங்கக்கூடாது. துக்க வீட்டு வாசலை மிதிக்கக்கூடாது. ஊர்வலம் முடிந்து மறுநாள் பூசாரி கையால்தான் அவிழ்க்க வேண்டும். நடுவில் அவிழ்த்தவளுக்கு அம்மன் ஒன்றும் செய்துவிடமாட்டாள். ஆனால் முதல் கலயத்தை அவள் ஆயுசுக்கும் தொட முடியாது. அது மன்றத்தின் சட்டம்.

அந்த வாரம்தான் மேட்டூர் நிரம்பி, கொள்ளிடத்தில் இரு கரையும் தொட்டுத் தண்ணீர் ஓடி வடிந்திருந்தது. அரியலூர் பக்கம் கரையோரத்துத் தெரு ஒன்றில் வீடுகளுக்குள் முழங்கால் உயரத்துக்குச் சேறு. மனிதர்கள் பள்ளிக்கூடத்தில் கிடந்தார்கள். “ஆத்தா பேரச் சொல்லி இங்க கஞ்சி ஊத்துறோம். அங்க அடுப்பே எரியல. முதல்ல அங்க போவோம்” என்றார் அய்யம்பெருமாள். மறுபேச்சில்லாமல் மன்றமே கிளம்பியது. பிரியாவின் புருஷன் ஓட்டும் வேனில் தினமும் விடியலில் ஏறி, சுண்ணாம்புக்கல் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து அரியலூரைத் தாண்டிப் போவார்கள். இருட்டுவதற்குள் ஊர் திரும்பிவிடுவார்கள். அய்யம்பெருமாள் வேனின் பக்கவாட்டில் இரண்டு தட்டுத் தட்டி “ரைட், போலாம்” என்றால்தான் வண்டி நகரும். அவருக்கு அந்தப் பழக்கம் விடவில்லை.

மணிமொழிக்குச் சமையல். பள்ளிக்கூடத்துக்குப் பின்புறம், புகைக்கு நடுவில். ஊரிலிருந்து மூட்டையாகக் கொண்டுவந்த சின்ன வெங்காயத்தை உரித்து உரித்துக் கண் சிவந்தது. சோறு எல்லாருக்கும் பிடித்தது. ஆக்கியவளை யாரும் எட்டிப் பார்க்கவில்லை. பிரியாவோ புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வீடு வீடாகச் சேறு அள்ளினாள். அழுகிற கிழவியைச் சிரிக்கவைத்தாள். எந்தத் தெருப் பிள்ளைக்கு எந்தப் பிள்ளையோடு சண்டை என்பதுவரை அவளுக்குத் தெரிந்திருந்தது. “பிரியாக்கா எங்க?” என்று பிள்ளைகள் கேட்கும்போதெல்லாம் மணிமொழியின் கரண்டி அண்டாவில் சத்தமாக இடித்தது.

போதாததற்கு மணிமொழியின் புருஷன் சிங்காரவேலு. அவனும் சேறு அள்ள வந்திருந்தான். சாப்பிட உட்கார்ந்தவன், “அந்தப் புள்ள ரெண்டு ஆம்பள வேலய ஒண்டியா செய்யுது மணி. பாக்கவே சந்தோசமா இருக்கு” என்றான்.

“அப்ப சோத்தையும் அவளையே போடச் சொல்லுங்க.”

அன்றைக்கு அவனுக்கு இரண்டாம் முறை சோறு கிடைக்கவில்லை. ஏன் என்று அவனுக்குக் கடைசிவரை புரியவுமில்லை.

மறுநாள் காலையில் அந்தத் தெருக்காரி இருசம்மாள் வெங்காயம் உரித்துக்கொடுக்க வந்து உட்கார்ந்தாள்.

“ஒண்ணு சொல்லணும்ங்க. தெருக் கோடியில பூவரச மரத்து வூடு, கலியம்மாளோடது. வெள்ளம் வந்தன்னைக்கு அது புருசன் ஆட்ட அவுத்துவுடப் போச்சு, பாம்பு கடிச்சிருச்சு. தஞ்சாவூர் போற வழியிலேயே உசிரு போயிட்டு. இன்னும் கருமாதி ஆவல. நீங்கள்லாம் காப்பு கட்டியிருக்கீங்க, தெரியாத்தனமா உள்ள போயிடாதீங்க. எல்லார்கிட்டயும் சொல்லிவுடுங்க.”

“அது வூட்டுச் சேத்த யாரு அள்றது?”

“பங்காளிவோதான் அள்ளணும். அவங்கவங்க வூடே சேத்துல கெடக்கு. அது வெளியில குந்திக்கிட்டு உள்ளயே பாத்துக்கிட்டு இருக்குது, பாவம்.”

“சரி, நான் சொல்லிடுறேன்” என்றாள் மணிமொழி.

சொல்லத்தான் எழுந்தாள். அது சத்தியம். ஆனால் வாசலுக்கு வந்தபோது பிரியா மண்வெட்டியைத் தோளில் சாய்த்துக்கொண்டு எதிரே வந்தாள். “அக்கா, அடுத்து எந்த வூடு?” என்று சிரித்தபடி கேட்டாள். அந்தச் சிரிப்பில் ஒரு குற்றமும் இல்லை. அதுதான் மணிமொழிக்கு எரிந்தது.

“கோடியில, பூவரச மரத்து வூடு” என்றாள் மணிமொழி. “அங்க போ. யாருமே போகல.”

பிரியா போனாள். மணிமொழி அடுப்புக்குத் திரும்பினாள். கூப்பிட்டுவிடலாம் என்று ஒருதரம் நினைத்தாள். சோறு பொங்கியது, அதைக் கவனித்தாள். பிறகும் நினைத்தாள், வடித்துவிட்டுப் போகலாம் என்றிருந்தாள். அப்படியே பொழுது சாய்ந்துவிட்டது.

வேன் கிளம்பும் நேரத்தில் எல்லாரும் கூடி நின்றார்கள். பிரியா இடுப்புவரை சேற்றோடு வந்தாள். மணிமொழி குரலை உயர்த்தினாள். அவளுக்கே அது வேறு யாருடைய குரலோ போலிருந்தது.

“அய்யய்யோ, அந்தக் கோடி வூட்டுல சாவு விழுந்திருக்காமே! இருசம்மா இப்பதான் சொல்லுது. பிரியா, காப்போட உள்ள போயிட்டியாடி?”

இருசம்மாள் மணிமொழியைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்து, பிறகு தலையைக் குனிந்துகொண்டாள்.

பிரியா இடது கையைத் தூக்கிக் காட்டினாள். சேறு மட்டும்தான் இருந்தது. காப்பு இல்லை.

“அவுத்துட்டுதான் உள்ள போனேங்க. கயித்த பூவரச மரத்துல கட்டியிருக்கேன். மரத்தடிக்கு வரும்போதே அந்தம்மா வராதன்னு சொல்லிடுச்சு. படத்துக்கு முன்னாடி வெளக்கு எரியுது, வெளக்கச் சுத்திச் சேறு. எப்படிங்க திரும்பி வர்றது?” அய்யம்பெருமாளைப் பார்த்தே சொல்லிக்கொண்டிருந்தவள், சற்று நிறுத்தி மணிமொழியின் பக்கம் திரும்பினாள். “அக்காவுக்குத்தான் மனசு கேக்கல. அவங்க முதல் கலயம் தூக்குறவங்க, அவங்களால போக முடியாது. அதான் என்னய அனுப்பிவச்சாங்க.”

அய்யம்பெருமாளுக்குக் கண் கலங்கிவிட்டது. “மணி, செஞ்சத மறைக்க ஒண்ணும் தெரியாத மாதிரி கேட்டியே. பெரிய மனசும்மா உனக்கு” என்றார். நாலு பெண்கள் வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார்கள். முதல் கலயம் யாருக்கு என்ற பேச்சு அதோடு முடிந்தது. மணிமொழி ஜெயித்துவிட்டாள். ஊருக்குத் திரும்பும் வழியெல்லாம் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி வந்தாள். வலையை விரித்தவளுக்குப் பொன்னாடை போர்த்திவிட்டுப் போயிருந்தாள் அந்தப் பெண். இப்போது அவளிடம் பறிப்பதற்கு என்ன இருக்கிறது என்று யோசித்தாள். ஒன்று இருந்தது, அந்த மனசு. அதைப் பறிக்க முடியாது என்றும் தெரிந்தது.

கடைசி வெள்ளியன்று மேளம் முழங்கியது. மணிமொழி மஞ்சள் பூசிக் குளித்து, கலயத்தைத் தலையில் ஏந்தி முன்னால் நடந்தாள். கடைத்தெரு திரும்பும்போது பின்னால் பார்த்தாள். எப்போதும் கோயில்வரை நீளும் கூட்டம் பால் சொசைட்டியோடு முடிந்துவிட்டது. காப்பு கட்டிய பெண்கள் மட்டும் வந்தார்கள். அய்யம்பெருமாளையும் மேளக்காரர்களையும் தவிர ஆண்கள் இல்லை, பிள்ளைகள் இல்லை.

“எங்க எல்லாரும்?” என்று பக்கத்தில் வந்த அய்யம்பெருமாளிடம் கேட்டாள்.

“கலியம்மா வூட்டுக் கூரைய இன்னைக்குப் போட்டுடலாம்னு பிரியா கூப்புட்டுச்சு. காப்பு கட்டாதவங்கள்லாம் வேன்ல போயிட்டாங்க. உன் வூட்டுக்காரரும்தான். உன்கிட்ட சொல்லலியா?”

சொல்லவில்லை. சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று சிங்காரவேலுவுக்குத் தெரிந்திருக்கும். மணிமொழி மீதித் தூரத்தையும் நடந்தாள். தெருவில் இரண்டொருவர் வாசலில் நின்று கும்பிட்டார்கள். வருஷம் முழுக்கக் காத்திருந்த நடை, சந்தைக்குப் போய் வருவதுபோல் முடிந்துவிட்டது.

கஞ்சி அரை அண்டாவுக்குமேல் மிஞ்சியது. கேனில் ஊற்றிக் கொள்ளிடக் கரைக்குக் கொண்டுபோகலாம் என்றார்கள். நானும் வரேன் என்று மணிமொழி ஆட்டோவில் ஏறிக்கொண்டாள். ஏன் ஏறினாள் என்று கேட்டால், புருஷனைப் பிடித்து நாலு வார்த்தை கேட்க என்றுதான் சொல்லியிருப்பாள்.

பூவரச மரத்தடியில் இறங்கியபோது கூரைமேல் சிங்காரவேலு கயிறு முறுக்கிக்கொண்டிருந்தான். உள்ளே ஏதோ சிரிப்பு. அவள் வாசலை நோக்கி இரண்டடி வைத்தாள். கலியம்மாள் உள்ளிருந்து பதறி ஓடிவந்தாள்.

“அம்மா, அங்கயே நில்லுங்க! கையில காப்பு இருக்கு. எங்க வூட்டால உங்களுக்கு ஒண்ணும் ஆயிடக் கூடாது.” தூரத்திலிருந்தே கையெடுத்துக் கும்பிட்டாள். “அந்தப் பொண்ண நீங்கதான் அனுப்புனீங்களாம். எங்க சொந்தமே எட்டி நிக்கிறப்ப உங்களுக்குத் தோணிச்சே. நீங்க நல்லாயிருக்கணும்.”

கேனைக் கீழே வைத்தாள் மணிமொழி. வேறொருவர் வந்து அதை உள்ளே எடுத்துப் போனார். அவளுடைய கஞ்சியை எல்லாரும் உள்ளே ஊற்றிக் குடிக்கிற சத்தம் கேட்டது. வெயிலில் அவள் மட்டும் வெளியே நின்றாள். எதை விடக்கூடாது என்று அத்தனையும் செய்தாளோ, அது மணிக்கட்டில் இருந்தது. பக்கத்துக் கிளையில் பிரியாவின் காப்பு காய்ந்து தொங்கியது.

வலது கையால் தன் காப்பின் முடிச்சைப் பிடித்து இழுத்தாள். மஞ்சள் தண்ணீரும் அடுப்புப் புகையும் ஏறி அது இறுகிப்போயிருந்தது. நகம்தான் வலித்தது. பிரியா கூரைக் கீற்றை வாங்க வெளியே வந்தவள், அவளைப் பார்த்து நின்றாள்.

“அக்கா, என்ன பண்றீங்க? நாளைக்குத்தான அவுக்கணும்? இப்ப அவுத்தா இனிமே கலயம் கெடையாதுக்கா.”

“தெரியும். ஒத்தக் கையால வரமாட்டேங்குது.” “பிரியா, அன்னைக்கு நான் உன்னய இங்க...”

“தெரியும்க்கா” என்றாள் பிரியா. “கையக் காட்டுங்க.”

மணிமொழி முடிச்சிலிருந்து விரலை எடுத்தாள். அப்படியென்றால் அன்றைக்கே தெரியும். தெரிந்துதான் அத்தனை பேருக்கு முன்னால் அப்படிச் சொன்னாள். பிரியா அவள் கையைப் பற்றிக் குனிந்து, முடிச்சைப் பல்லால் கடித்து இழுத்தாள். இதிலும் இவள்தான் முந்திக்கொண்டாள் என்று மணிமொழிக்கு மறுபடி எரிந்தது. ஆனாலும் கையை அவள் இழுத்துக்கொள்ளவில்லை.