வேனுக்குத் தைத்த வெயில் மறைப்பு

அந்த வருஷம் மே மாசம் திருமுல்கேரியில் தார் ரோடு செருப்போடு ஒட்டிக்கொண்டு வந்தது. வாசலில் நின்ற வேனுக்குள் சௌந்தரராஜன் கடைசி ஜன்னலில் மறைப்பை அழுத்தி ஒட்டிக்கொண்டிருந்தார். இன்றைக்கு இது உள்ளே சூட்டைத் தடுக்காவிட்டால் சாயங்காலம் வண்டி கைமாறிவிடும்.

ராணுவ ஸ்டோர்ஸிலிருந்து ரிடையரான கையோடு பழைய வேனை வாங்கி, ஸீட்டெல்லாம் கழற்றி, கட்டிலும் அடுப்பும் வைத்து வீடாக்கியிருந்தார். எல்லாம் மனைவி வேதவல்லிக்காக. அவளுக்கு நரம்பு வியாதி. உடம்பில் சூடு ஏறினால் கால் இரண்டும் ஈரத்துணி மாதிரி துவண்டுவிடும். ரயிலேறிப் பல வருஷம் ஆகிறது. சேதுக்கரைக் கடலில் ஒரு தடவை நிற்க வேண்டும், அவ்வளவுதான் அவள் கேட்டது.

மகள் சௌம்யா ஆபீஸிலிருந்து போன் பண்ணிக் கறாராகச் சொல்லிவிட்டாள். "மத்தியானம் அம்மா அந்த டப்பாக்குள்ள இருந்து பாக்கட்டும்பா. கால் நின்னா போங்கோ. இல்லேன்னா குடுத்துடுங்கோ. வாங்கிக்க ஆள் பாத்தாச்சு."

ராணிகஞ்ச் கடைவீதியில் சில்வர் ஷீட் வாங்கி, ஜன்னலுக்கு ஜன்னல் பேப்பரில் அளவு வெட்டி, முதுகுப் பக்கம் கறுப்புத் துணி வைத்துத் தானே தைத்தார். ஓரத்தில் வெல்க்ரோ. நேற்று சில்வரை வெளிப்பக்கம் வைத்துத்தான் மாட்டினார். எதிரே ராணுவ காம்பவுண்ட். காவலுக்கு நின்ற ஜவான் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து, "அங்கிள், ஆங்க் மே மார்தா ஹை. ஹடாவ்" என்றான். கண்ணில் அடிக்கிறதாம், எடுத்துவிட வேண்டுமாம். முப்பது வருஷம் யூனிஃபார்முக்குப் பயந்த மனிதர். உடனே கழற்றி, இன்றைக்குக் கறுப்பு வெளியே தெரியும்படி திருப்பி மாட்டிவிட்டார். தெர்மாஸ் ஃபிளாஸ்கில்கூட உள்ளேதானே வெள்ளி இருக்கிறது என்று சமாதானமும் சொல்லிக்கொண்டார்.

மத்தியானம் வேதவல்லி வேனுக்குள் கட்டிலில் படுத்தாள். அவர் கதவைச் சாத்திவிட்டு வேப்ப மரத்தடியில் நின்றார்.

"வேதா, எப்படி இருக்கு?"

"ஜம்முனு இருக்கு."

"காலு?"

"இங்கதான் இருக்கு. எங்க ஓடிடப் போறது?"

கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்டார். அதே பதில், குரல் மட்டும் குழறியது. ஜன்னல் கண்ணாடியில் கையை வைத்தார். தோசைக்கல் மாதிரி சுட்டது. கறுப்பு மொத்த வெயிலையும் குடித்து உள்ளே இறக்கிக்கொண்டிருந்தது.

கதவைத் திறந்ததும் அனல் முகத்தில் அறைந்தது. அவள் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். அவர் அவள் கால் கட்டைவிரலை அழுத்திக் கிள்ளினார். அவள் சிரிப்பு மாறவில்லை. கிள்ளியதே தெரியவில்லை.

"ஏண்டி பொய் சொன்னே?"

"நெஜத்தச் சொன்னா கூட்டிண்டு போவேளா?"

தூக்க அவர் முதுகில் தெம்பில்லை. அக்கம்பக்கம் எல்லாரும் வேலைக்குப் போயாச்சு. மறைப்பு ஒவ்வொன்றையும் பிய்த்து எறிந்தார். ஜன்னல்களைத் திறந்தார். பீரோவிலிருந்த வேட்டியெல்லாம் அள்ளித் தண்ணீர் டிரம்மில் முக்கி, மேல் கேரியரில் கட்டி இரண்டு பக்கமும் தொங்கவிட்டார். ஈரம் காயக் காயச் செம்பால் மொண்டு ஊற்றினார். "பெருமாளே, கால் வேண்டாம், ஆள் இருந்தாப் போறும்" என்று வாய்விட்டே சொன்னார்.

மெல்ல ஈரக் காற்று உள்ளே போனது. அவள் மோர் கேட்டுக் குடித்தாள். முகம் தெளிந்தது. அவருக்குத்தான் மனசு தெளியவில்லை. நடுரோட்டில் இப்படி ஜம்முனு இருக்கு என்று சொல்லிக்கொண்டே போய்விட்டால்?

வெயில் சாய்ந்தபோது மல்லாபூரிலிருந்து இளங்கோவன் வந்தார். சௌம்யா பார்த்துவைத்த ஆள்; பட்டறை வைத்திருப்பவர், ஆள் ஏற்றிப்போக வண்டி தேடுகிறவர்.

"ஏனுங்க சார், வேட்டிக்கடை போட்டுட்டீங்களா?"

சௌந்தரராஜன் சிரிக்கவில்லை. சாவியை எடுத்து நீட்டினார். அந்த நேரம் வண்டிக்குள் தாழ்ப்பாள் விழுந்தது.

அவர் கை அப்படியே நின்றது. கட்டிலில் இருந்தபடி எட்டுகிற தாழ்ப்பாள் இல்லை அது. எழுந்து, நடந்து, நின்றுதான் போட வேண்டும்.

"உள்ள யாருங்க?"

"என் ஆத்துக்காரி." சாவி பாக்கெட்டுக்குப் போனது. "வண்டி குடுக்கறதா இல்லே சார். மன்னிச்சுக்கோங்கோ."

கதவில் தட்டினார். "வேதா, தொற. நின்னுண்டே இருக்காதே."

"மொதல்ல அவரைப் போகச் சொல்லுங்கோ."